உறையாத கோப்பை

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம். காஜா பெராங் நிறுத்தத்தில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு ஆசிரியைகள். பஸ் இரைச்சலையும் மீறி இளையவரின் குரல் கேட்டது.

"பால் உறையலன்னு என் வகுப்பே கைதட்டுச்சுக்கா!"

"உறையலன்னா சோதனை தோத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்?" என்றார் மூத்தவர்.

"பெரிய வாத்தியாரும் அதையேதான் சொன்னாரு. ரப்பர் பாலை எது உறைய வைக்கும்னு பிள்ளைங்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒருத்தி புளியக் கரைச்சு ஊத்தினா, இன்னொருத்தி புளிப்பான பெலிம்பிங் காயப் பிழிஞ்சா. ரெண்டும் கட்டியாயிருச்சு. மூணாவது கோப்பையில மட்டும் பால் அப்படியே இருந்துச்சு. 'இது ஏன் இப்படி?'ன்னு சத்தம் போட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் சொல்றதுக்குள்ள ரப்பர் தோட்டத்துலேர்ந்து வர்ற செல்வி எழுந்தா. 'அதுல வெறும் தண்ணிதான் ஊத்தினோம் ஐயா. அதுவும் உறைஞ்சிருந்தா, புளிதான் உறைய வச்சுச்சுன்னு எப்படி நம்புறது?'ன்னு கேட்டா."

"அடியம்மா! அவரு?"

"நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. கோப்பையைக் கையில எடுத்து, 'மோர் ஊத்தினா உறையுமா?'ன்னு பிள்ளைங்ககிட்டயே கேட்டாரு."

"என்ன சொன்னாளுங்க?"

"'நாளைக்குக் கொண்டாங்க ஐயா, பார்ப்போம்'னாளுங்க!"