மலையிறங்காத ஐலிவ்

மலை ஏறுவதைவிட இறங்குவதுதான் உடம்பைப் படுத்தும். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது, இழை இழையாகக் கிழிகிறது. ஆய்வகத்தில் எங்கள் எலிகளைச் சாய்த்து வைத்த டிரெட்மில்லில் இறங்கி ஓட விடுவது இதற்காகத்தான். ஒரே தொல்லை, ஒருமுறை கிழிந்த தசை மறுமுறை தாக்குப்பிடித்துவிடும். எப்போதும் புது எலி வேண்டும்.

என் கட்டுரையை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். எலி சரி, மனிதர் எங்கே என்றார்கள். மலைகள் சூழ்ந்த எங்கள் பெர்கன் நகரில் மலையிறங்காத மனிதருக்கு எங்கே போவது? இங்கே ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தால் காய்ச்சலா என்று விசாரிப்பார்கள். மேல்மாடி ஐலிவ் ஒருவர்தான் அகப்பட்டார். வரி அலுவலகம், ஐம்பது வயது, நாற்காலியே கதி.

"என்ன டோர்டிஸ், எலிங்களுக்கு இன்னிக்கு லீவா?"

"ஆமா. அதான் உங்களைக் கூப்பிடுறேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேபிள் காரில் ஏறினோம், கற்படிகளில் இறங்கினோம். அவர் முதுகுப்பையில் ஆரஞ்சும் காபியும் பதினைந்து கிலோ மணலும் வைத்திருந்தேன்.

"உங்க வீட்டுக் காபி இவ்வளவு கனமா?"

இரண்டாம் முறை இறங்கியதும் உட்கார்ந்துவிட்டார். "கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"கீழ் வீட்டுப் பாப்பா அஞ்சு தடவை இறங்குவா," என்றேன். நான்கு முறை இறங்கினார்.

மாலையில் ரத்தம் எடுத்தேன். ஆராய்ச்சிக்கு உதவுவதில் அவருக்குப் பெருமை. மறுநாள் போன் செய்தார்.

"மூத்திரம் கறுப்புக் காபி மாதிரி போகுது. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?"

"எல்லாருக்கும் ஆவறதுதான். படுத்துத் தூங்குங்க."

கிழிந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று எனக்குத் தெரியும். சலைன் ஏற்றினால் பிழைப்பார், என் அளவு கெட்டுவிடும். ரத்தத்தில் அந்தக் கழிவின் உச்சம் மூன்றாம் நாள்தான் வரும்.

மூன்றாம் நாள் கதவைத் திறக்க அவர் எழுந்து வரவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கு ஒரு சாவி கொடுத்திருந்தார். மூச்சு இருந்தது. ரத்தம் எடுத்தேன், குழாயில் தேதி ஒட்டினேன், பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எலி இப்படிச் சுருண்டால் அந்த நிமிடமே சோதனையை நிறுத்த வேண்டும். அனுமதிப் படிவத்தில் அப்படித்தான் கையெழுத்திட்டிருக்கிறேன், இருபது ஆண்டுகளில் ஒருமுறையும் மீறியதில்லை. ஐலிவுக்குப் படிவம் எதுவும் இல்லை. அவரும் ஒருமுறைகூட நிறுத்தச் சொல்லவில்லை.