என் அலுவலகம் வழியாக மட்டும்

அடுத்தவர் கை பட்ட நோட்டைத் தொட எனக்குப் பிடிக்காது. அதிலும் கடனில் மூழ்கியவர்கள் என்னைப் போன்ற வக்கீலிடம் கொண்டுவரும் நோட்டு எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். வாங்கியதும் கை கழுவிவிடுவேன். இதைக் குற்றமாக எழுதமாட்டீர்கள் என்று நினைக்கிறேன், இன்ஸ்பெக்டர்.

தையல்காரர் என்னிடம் வந்தது போன வருடம். மகளின் கல்யாணத்துக்கு வாங்கிய கடன். வசூல் ஏஜென்ட் கடைக்கே வந்து, துணி கொடுக்க வந்த பெண்கள் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறான். தையல்காரர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்.

"மானம் போச்சு சார். நீங்கதான் பேசி முடிச்சுத் தரணும். என் வீட்டுக்காரி வளையலை வித்தா பாதிக் கடன் வரைக்கும் தேறும்."

மேஜையில் இருந்த காகிதங்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

இனி எது பேசுவதானாலும் என் அலுவலகம் வழியாக மட்டுமே பேச வேண்டும் என்று கடன் கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம் போட்டேன். எங்கள் தொழிலில் முதல் வேலை அதுதான். அது போய்ச் சேர்ந்த மறுநாளே தொல்லை நின்றது. மூன்றாவது வாரம் நிறுவனமும் இறங்கி வந்தது. அறுபது நாளுக்குள் பாதியைக் கட்டினால் கணக்கை முடித்துக்கொள்வதாகப் பதில் எழுதினார்கள். என் இழுப்பறையில் நீங்கள் எடுத்தது அந்தப் பதில்தான்.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். மாதாமாதம் கட்டணம் தருகிறவரை ஒரே மாதத்தில் அனுப்பிவிட்டால் நான் எப்படி வாடகை கொடுப்பது? பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். நம்பினார். கெடுவும் தாண்டிப்போனது.

தொல்லை நின்றால் ஆட்களுக்குக் குளிர் விட்டுப்போகும். ஐந்தாவது மாதம் கட்டணம் வரவில்லை. கேட்டால், "கொஞ்சம் பொறுத்துக்குங்க சார், இப்பதான் யாரும் கூப்பிடறதில்லையே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஏஜென்டை நானே அழைத்தேன். எதையாவது மென்றுகொண்டே பேசுகிறவன், கேட்கவே அருவருப்பாக இருக்கும். கடைக்குப் போக வேண்டாம் என்று சொல்லி, மகளின் மாமியார் வீட்டு எண்ணைக் கொடுத்தேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தையல்காரரே எனக்கு எழுதித் தந்த எண் அது.

"வக்கீலே நம்பர் தர்றது இதுதான் சார் முதல் தடவை" என்றான். ஒரு நிமிடம் மெல்வதை நிறுத்தியிருந்தான்.

பத்து நாள் விடாமல் அழைத்தான். சம்பந்தி வீட்டார் பெண்ணைப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அன்று மாலை தையல்காரர் பாக்கிக் கட்டணத்தோடு வந்தார். அழவில்லை.

"கடைசியா ஒரு தடவை பேசிப் பாருங்க சார்."

பேசுகிறேன் என்று சொல்லி ரசீது கொடுத்தேன். மறுநாள் காலை கடைக்குள் அவர் உடலை முதலில் பார்த்தது அவர் மனைவி.

கடிதத்தை மறைத்தது நான். எண்ணைக் கொடுத்ததும் நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னை ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடுத்த வாரமே அந்த அம்மா வந்து, கடன் இனித் தன் தலையில் விழுமா என்று கேட்டார். பயப்படாதீர்கள், நான் பேசுகிறேன் என்றேன். அவரிடம் முதல் மாதக் கட்டணத்தில் பாதிதான் வாங்கினேன்.