சோஃபாவோட இன்னொரு ஓரம்

ராத்திரி ஒன்றரை மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி போற ரோடு. ஒரு பக்கம் நீளமா மதில்... இன்னொரு பக்கம் வரிசையா சாத்தின ஷட்டர். ரெண்டு விளக்குக்கு ஒண்ணுதான் எரியும். ஒரு நாய்கூட இல்ல.

கிட்ட வந்து உட்காருங்கப்பா. எனக்குத் தொண்டையும் சரியில்ல, காலையில வேலைக்கு வேற போகணும். அந்த ரோட்டுல அக்கா தனியா நடந்து வர்றா. அக்கான்னா, என்கூட வேலை பார்க்குறவனோட பெரியம்மா பொண்ணு. நர்ஸ். வருஷக்கணக்கா நைட் டூட்டி. அன்னைக்கு ஒரு நர்ஸ் கூடுதலா வந்துட்டாங்கன்னு இவளைப் பாதியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

செருப்புச் சத்தம். சரக்... சரக்... அவ செருப்புதான். யாரும் பின்னாடி திரும்பிப் பார்க்க வேண்டாம், ரோட்டுல ஒண்ணும் நடக்கல. காலு ரெண்டும் வீங்கிப் போய் நடக்குறவளைப் பேய் புதுசா என்ன பண்ணிடப் போகுது?

ஆனாலும் அவளுக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். மாமா, அதான் அவ புருஷன், கடைசி பஸ் ஓட்டுறவரு. பஸ்ஸை விட்டுட்டு வந்து, குளிச்சுச் சாப்பிட்டு டிவி முன்னாடி உட்காரும்போது எப்படியும் ஒரு மணி தாண்டிடும். இன்னைக்கு அவர்கூட உட்காரலாம்.

முன்னெல்லாம் ஒன்பது மணி சீரியல்னா ஒன்பது மணிதான். அது யாருக்காகவும் நிக்காது. அதனாலேயே மாமா கூட வேலை பார்க்குறவங்க கையைக் காலைப் பிடிச்சு டூட்டியை மாத்திக்கிட்டு ஓடி வருவாரு. விளம்பரம் போட்டதும் இவ ஓடிப் போய் அடுப்பை அணைச்சுட்டு வருவா. அப்புறம் புது டிவி வந்துச்சு. எதை வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் பார்க்கலாம்னு ஆச்சு. ஆனதும், சேர்ந்து பார்க்குறதே நின்னு போச்சு. என்ன அவசரம், நாளைக்குப் பார்த்துக்கலாம்! அந்த நாளைக்கு வந்தாத்தானே.

ஒரு தடவை அக்கா வார்டுல உட்கார்ந்து, போன்லயே ஒரு கதையைக் கடைசி வரைக்கும் பார்த்து முடிச்சுட்டா. காலையில வாய் சும்மா இருக்கல. "அந்தத் தம்பிதாங்க கொலைகாரன்"னு மாமாகிட்ட உளறிட்டா. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தா அவளுக்கு மனசு ஆறியிருக்கும். அவரோ டிவியை அணைச்சுட்டுப் படுத்துட்டாரு. அது அவளுக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதனால அந்தக் கதையோட அடுத்த பாகம் வந்தப்ப, ஒரு எபிசோடுகூடத் தொடல. அவரோட சேர்ந்துதான் பார்க்கணும்னு அப்படியே வச்சிருந்தா.

கதவைத் திறந்தா... ஹால்ல லைட் இல்ல. டிவி வெளிச்சம் மட்டும். மாமா சோஃபாவோட ஒரு ஓரத்துல உட்கார்ந்திருக்காரு. காயாத துணியை மடிச்சு வச்ச மாதிரி ஒரு வாடை. டிவியில படம் நின்னிருக்கு, ஒரு பொம்பளை வாயைப் பாதி திறந்தபடி. நாம வர்ற சத்தம் கேட்டு நிறுத்தியிருக்காருன்னு நினைச்சுக்கிட்டா.

"என்ன, இந்நேரத்துல?"

"சீக்கிரம் விட்டுட்டாங்க. அந்த ரெண்டாவது பாகம்தானே? நானும் பார்க்குறேங்க."

"நாலு எபிசோடு போயிடுச்சே..."

"போனாப் போகுது. இனிமே சேர்ந்து பார்ப்போம்."

பக்கத்துல உட்கார்ந்தா. குஷன் சில்லுன்னு இருந்துச்சு. அதைப் பெருசா எடுத்துக்கல. அவர் தோள்ல தலையைச் சாய்ச்சா... எத்தனை நாளாச்சு! அப்படியே கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு.

"போடுங்களேன்."

"இரு. தண்ணி குடிக்கப் போயிருக்கு. வந்துடும்."

"யாரு?" பையன் ஹாஸ்டல்ல இருக்கான். வீட்டுல வேற ஆள் கிடையாது. "பூனை கீனை ஏதாவது கொண்டு வந்துட்டீங்களா?"

மாமா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாரு.

சமையலறையில குழாய் நின்னுச்சு. அதுவரைக்கும் ஓடிக்கிட்டிருந்ததே அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. டம்ளரை வைக்குற சத்தம்... டக். அப்புறம் ஈரக்கால் தரையில... சப்... சப்... சப்... அவசரமே இல்லாம ஹாலுக்குள்ள வந்துச்சு. அவ முழங்காலுக்கு முன்னாடி வந்து நின்னுடுச்சு.

பார்த்தா யாரும் இல்ல. ஆனா டிவி வெளிச்சம் அவ மேல விழல. மாமா முகத்துல விழுது... இவ மேல மட்டும் இருட்டு.

மாமா திரும்பினாரு. நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிச்ச களைப்பு முகத்துல. பஸ்ல இடம் கேட்குற குரல்லயே சொன்னாரு.

"கொஞ்சம் எந்திரி. அது உட்காரணும்."

எந்திரிச்சுட்டா. ஏன் எந்திரிச்சோம்னு இன்னைக்கும் அவளுக்குத் தெரியாதாம். அவ விட்ட இடத்துல குஷன்... மெதுவா... அமுங்குச்சு.

"யாருங்க அது?"

"தெரியல. யாரா இருந்தா என்ன? நான் வர்ற வரைக்கும் பார்க்காம காத்துக்கிட்டிருக்கு."

"நானும் பார்க்காமத்தாங்க வச்சிருந்தேன்..."

"ஷ்ஷ்!"

படம் ஓட ஆரம்பிச்சுடுச்சு. ரிமோட் அங்க டிவிக்குப் பக்கத்துல கிடக்கு, யாரும் தொடல.

மாமா மடியில கிடந்த போர்வையில பாதியை இழுத்து, பார்வையை டிவியை விட்டு எடுக்காமலே, அந்தப் பக்கம் போட்டுவிட்டாரு. போர்வை சரிஞ்சு விழல... ரெண்டு முட்டி அளவுக்கு, மேடா நின்னுச்சு.