புகார் இல்லாத கல்லூரி

நான் படித்த கல்லூரியில் லிஃப்ட் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இந்த வயதிலும் முழங்கால் ஒத்துழைக்கிறது. நீங்கள் உட்காருங்கள் ஐயா, மூச்சு வாங்குகிறது. இந்தக் கல்லூரி லிஃப்ட்டுக்கு விசாரணைக்காக நீங்களே சீல் வைத்துவிட்டதால் படியேறித்தானே வந்திருப்பீர்கள்.

என் அப்பா கல் உடைத்தவர். குவாரியில் ஒருவன் கை நசுங்கினால் அவனை ஓரமாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் வேலையைத் தொடர்வார்கள். அதற்குப் பெயர் அமைப்புச் சிந்தனை என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னாளில் கல்லூரி செலவில் ஒரு பயிற்சிக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

கல்லூரி என்றால் வாத்தியாரும் கரும்பலகையும் இல்லை. உள்ளே வருவது, தேங்குவது, வெளியே போவது, பின்னூட்டம். சில பெட்டிகள், சில அம்புக்குறிகள். இதை வரைந்து காட்டியதும் தாளாளர் என்னைத் திட்ட இயக்குநர் ஆக்கினார். அறைக்கு ஏசி வந்தது.

புகார்கள்தான் தேங்கின. கழிப்பறை, விடுதிச் சாப்பாடு, ஒழுகும் ஆய்வகம், எல்லாம் என் மேசைக்கே வந்தன. சிக்கலுக்கு அருகில் இருப்பவனே அதைச் சரிசெய்யத் தகுந்தவன். ஆகவே புகார் சொன்னவருக்கே அது திரும்பிப் போகும்படி வளையத்தை மூடினேன். அடுப்பு சரியில்லை என்று சமையல்காரர் சொன்னால், அடுப்பைச் சரிசெய்வது சமையல்காரரின் பொறுப்பு. ஒரே பருவத்தில் புகார்கள் நின்றுபோயின. ‘புகார் இல்லாத கல்லூரி’ என்று வாசலில் பலகை வைத்தோம்.

லிஃப்ட்காரர் மட்டும் நிறுத்தவில்லை. அவர் என் தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

“மச்சான், கதவு தெறக்குது, பெட்டி வரல. யாராச்சும் கால வச்சா நேரா பாதாளம்தான்.”

“சொல்றது யாரு மாப்ள?”

“நான்தான்.”

“அப்ப உங்க பொறுப்பு.”

“எனக்கு பட்டன் அமுக்கத்தான் தெரியும். மெக்கானிக்க கூப்பிடுங்கன்னா என்னையே மெக்கானிக் ஆக்குறீங்க. நாளைக்கு வயித்து வலின்னு சொன்னா நானே கிழிச்சுக்கணுமா?”

சிரித்தேன். வேடிக்கையாகப் பேசுவார்.

கல்லூரிக்குத் தரம் கொடுக்கும் மதிப்பீட்டுக் குழு வரவேண்டிய அன்று காலையில், ஸ்பேனரோடு முதல் மாடிக் கதவு வழியாக லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் இறங்கினார். “மொட்டைமாடியில மெயின அணைச்சிட்டேன். நான் வெளிய வந்து சொல்றவரைக்கும் யாரையும் தொட விடாதீங்க, மச்சான்” என்றார். தலையாட்டினேன்.

குழு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. தலைவர் கைத்தடி ஊன்றி நடப்பவர். லிஃப்ட்டுக்கு முன்னால் நின்று, “என்ன, ஓடாதா?” என்றார். தாளாளர் என்னைப் பார்த்தார். பழுது பார்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் பலகையை வைத்துக்கொண்டு எந்த வாயால் சொல்வது?

படியேறி மொட்டைமாடிக்குப் போனேன். சுவிட்சைப் போட்டது நான்தான். மறதியில் போடவில்லை.

குழுவை ஏற்றிக்கொண்டு பெட்டி கிளம்பியது. “மச்சான்” என்று கீழேயிருந்து ஒரு குரல். மாடிக்கு மாடி அது என்னை நோக்கி வந்தது. என் கை சுவிட்சின் மேலேயேதான் இருந்தது, அணைத்திருக்கலாம். அணைத்தால் குழு பாதிவழியில் மாட்டிக்கொள்ளும். ஓர் உறுப்புக்காக மொத்த அமைப்பையும் நிறுத்தக் கூடாது. பயிற்சியில் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்கள்.

உச்சியில் லேசாகக் குலுங்கியது என்று தலைவர் சொன்னார். திரும்பும்போது அவர்களைப் படி வழியாக அழைத்துப் போனேன். கார்கள் கிளம்பிய பிறகுதான் பெட்டிக்கும் உச்சித் தளத்துக்கும் நடுவிலிருந்து மாப்பிள்ளையை எடுத்தோம்.

உயர்ந்த தரமே கொடுத்திருக்கிறார்கள். தங்கை இன்றுவரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போனால் கதவைக்கூடத் திறப்பதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பின்னூட்டம் எதுவும் வராததால், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.