வரேன்னு சொன்ன இடம்

பொழுது சாயுற நேரம். ஆள் நடமாட்டமே இல்லாத மலைப்பாதை. அதில் ஒரேயொரு கார்... கிட்ட வந்து உட்கார்ந்துக்கோங்க கண்ணுங்களா. ஓரத்தில் இருக்கிற பிள்ளைக்கும் போர்வையை இழுத்துவிடுங்க. என் சிநேகிதியோட நாத்தனாருக்கு நடந்தது இது.

கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, புருஷனோடு பழைய சுரங்க ஊரைப் பார்க்கப் போயிருந்தாள். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அங்கே சுரங்கம் இடிந்ததாம். உள்ளே போனவர்கள் மேலே வரவே இல்லை. மிச்சப்பேர் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்காக எல்லாவற்றையும் இருந்தபடியே பாதுகாத்து வைத்திருந்தார்கள். மேசையில் கவிழ்த்த தட்டு. கொடியில் சட்டை. வீட்டுக்கு வீடு வாசலில் கழற்றிவிட்ட பூட்ஸ்.

கடைசியாகக் குழிவாய், சுரங்கத்துக்குள் இறங்குகிற வாசல். கம்பிக் கதவுக்குப் பின்னால் கும்மிருட்டு. மண்ணெண்ணெயும் ஈரமண்ணும் கலந்த வாடை.

"கிளம்பும்போது இங்க நின்னு எதுவும் சொல்லாதீங்கம்மா," என்றார் காவல்காரர். "பேசாம திரும்பி நடங்க."

"பேசாம இருக்கிறதா, இவளா?" என்று புருஷன் சிரித்தான்.

அவளும் சிரித்தாள். பழகின நாக்கு இல்லையா... "சரிங்கய்யா, வரேன்."

ஆழத்தில் ஒரு மணி. டிங்.

காவல்காரர் முகம் செத்துப்போனது. "நமக்கு அது போறவங்க சொல்ற பேச்சும்மா. கீழ இருக்கிறவங்க அப்படி எடுத்துக்க மாட்டாங்க."

காரைக் கிளப்பினார்கள். பாதை இறங்கியது, வளைந்தது... எதிரே அதே குழிவாய். திருப்பி ஓட்டினான். மறுபடியும் குழிவாய். காவல்காரரைக் காணோம். கார்க் கதவு திறக்க மறுத்தது. உள்ளே மண்ணெண்ணெய் வாடை ஏறிக்கொண்டே வந்தது. பால் கட்டி அவளுக்கு மார்பு கனத்தது.

"பிள்ளை பசியில கத்துமேங்க..."

"நீ கொடுத்த வார்த்தை," என்றான். "நீயே திருப்பி வாங்கு."

வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் சொல்லாத சொல். கார்க் கண்ணாடியில் வாயை வைத்துச் சொன்னாள். "நான் வரலை. போறேன்."

 அப்புறம் குழிக்குள்ளிருந்து, ரொம்ப மரியாதையாக, நிறைய குரல்கள்...

"சரிம்மா. அப்ப நாங்க வரோம்."

அடுத்த வளைவில் பெரிய ரோடு வந்துவிட்டது. "விடைபெறும்போது எல்லாரும் சொல்றதுதானே," என்று வழியெல்லாம் சமாதானம் சொன்னான் புருஷன். அவள் பின்சீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

மாமியார் குழந்தையோடு கதவைத் திறந்தாள். இவர்களைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இத்தனை பேரைக் கூட்டிட்டு வர்றதுன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி சரி... பூட்ஸையாவது வாசல்லயே கழட்டச் சொல்லு."