கேமரன் மலைக் குளிர்

மோகனா: ...ஆறு பேருக்கு ஒரே ரூமா? என்னா ஹோட்டல்ப்பா அது?

பிச்சைமுத்து: ஹோட்டல் இல்லம்மா... முதுகுல பையை மாட்டிக்கிட்டு வெள்ளைக்காரப் பிள்ளைங்க வந்து தங்குமே, அந்த மாதிரி. கேமரன் மலையில இப்ப இதுதான் ஃபேஷன்.

மோகனா: அறுபத்தெட்டு வயசுல உங்களுக்கு ஃபேஷன் வேற!

பிச்சைமுத்து: ஏன்? பினாங்குத் துறைமுகத்துல மூட்டை இறக்குனவன் ஊரு சுத்தக் கூடாதா? உங்கம்மா இருந்தவரைக்கும் கேமரன் மலை, கேமரன் மலைன்னு கேட்டா. கூட்டிட்டுப் போகல. இப்ப தனியாவாச்சும்...

மோகனா: குளிரா இருக்கா?

பிச்சைமுத்து: பயங்கரக் குளிரு. கம்பளி குடுத்திருக்காங்க. காலங்காத்தால கஞ்சி. யூனிஃபார்ம் போட்ட பொண்ணுங்க வந்து, நல்லாத் தூங்குனீங்களா அங்கிள்னு கேக்குதுங்க. ராஜ உபசாரம்லா!

மோகனா: இன்னிக்கும் கஞ்சிதானா?

பிச்சைமுத்து: இன்னிக்கு... சாப்பிடல. விரதம்.

மோகனா: புதன்கிழமையில என்னா விரதம்?

பிச்சைமுத்து: அது... மலைக்கு வந்தா ஒரு நாள் வயித்தைக் காயப் போடணுமாம். உடம்புக்கு நல்லதாம். ...என்னா சத்தம் அது?

மோகனா: எது?

பிச்சைமுத்து: பாம்னு, பெருசா.

மோகனா: கம்பெனி சைரன்ப்பா. டீ டைம்.

பிச்சைமுத்து: ...ஓ. சைரனா. காத்து வேற அடிக்குது.

மோகனா: ஃபேன் பக்கத்துல நிக்கிறேன். அப்பா... நான் வேணா லீவு போட்டுட்டு வரவா? சேர்ந்து சுத்தலாம்.

பிச்சைமுத்து: ஒன்னும் வேணாம்! உங்கம்மா முடியாம கிடந்தப்ப ஒரு வேலைய விட்டுட்டு வந்து உக்காந்தியே, அது போதும். ஜோகூர்ல இப்பதான் புது வேலை கிடைச்சிருக்கு. ஒழுங்கா அதைப் பாரு.

மோகனா: தனியா இருக்கீங்களேன்னுதான்...

பிச்சைமுத்து: யாரு தனி? தனியாப் போறவன் முதல்ல பக்கத்துல இருக்குறவன் பேரைக் கேக்கணும்மா. கேட்டுட்டா அப்புறம் என்னா தனி? எதிர்க்கட்டில்ல ஹபீப் முகம்மதுன்னு ஒரு பாய். நம்ம பினாங்குதான், நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு. உன் போட்டோவைக் காட்டுனேன். கடைக்கு வர்ற பையன்கள்ல நம்ம ஆளா ஒரு நல்ல பையனைப் பார்த்துச் சொல்றேன்னாரு. உன் நம்பரைக் குடுத்துட்டேன்.

மோகனா: அப்பா! என் நம்பரையா?

பிச்சைமுத்து: பின்ன, பிரதமர் நம்பரையா குடுப்பேன்?

மோகனா: உங்களை வச்சுக்கிட்டு... சரி, பாய் பக்கத்துல இருக்காரா? குடுங்க, நானே நல்லாக் கேக்குறேன்.

பிச்சைமுத்து: அவரு... கிளம்பிட்டாரு. நேத்துக் காலையில.

மோகனா: எங்க?

பிச்சைமுத்து: வீட்டுக்கு. பிள்ளைங்க வந்து கூட்டிட்டுப் போச்சுங்க.

மோகனா: உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரா?

பிச்சைமுத்து: ...இல்ல. சொல்லல.

மோகனா: அப்பா...

பிச்சைமுத்து: பகல்ல ஒன்னும் தெரியாதும்மா. லைட்டை அணைச்ச பிறகுதான்... பாய் அந்தப் பக்கம் ஒரு தடவை இருமுவாரு. நான் இந்தப் பக்கம் இருமுவேன். முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு அர்த்தம். அவ்வளவுதான், பேச்சு கிடையாது. ஆனா அதுக்கப்புறம் தூக்கம் வந்துரும். நேத்து ராத்திரியும் நான் இருமிப் பார்த்தேன். ...ஹலோ? மோகனா?

மோகனா: இருக்கேன்ப்பா. மூக்குல தூசி.

சுஹானா: பிச்சைமுத்து அங்கிள், கிளம்பலாமா? பல்லு செட்டைக் கழட்டிட்டீங்களா?

பிச்சைமுத்து: இதோ, ஒரு நிமிஷம் சுஹானா. மகள் பேசுது.

மோகனா: பல்லைக் கழட்டணுமா? எதுக்கு?

பிச்சைமுத்து: அது... குளிருல பல்லு டகடகன்னு அடிக்குதுல்ல, உடைஞ்சிரக் கூடாதுன்னு. இங்க ஒரு இடத்தைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போறாங்கம்மா. ஃபோனெல்லாம் எடுத்துட்டுப் போகக் கூடாதாம்.

மோகனா: இப்பவேவா? பதினோரு மணிக்குன்னுதானே...

பிச்சைமுத்து: என்னா பதினோரு மணி?

மோகனா: ...ஒன்னுமில்ல. கொஞ்சம் மெதுவா வரச் சொல்லுங்களேன் அவங்களை.

பிச்சைமுத்து: காத்துக்கிட்டு நிக்கிறாங்கம்மா. சரி, நான் போறேன்.

மோகனா: அப்பா! என்னா பேச்சு இது? 'போறேன்'னு சொன்னா என்னை வாசல்லேருந்து திரும்பக் கூப்பிட்டுத் திட்டுவீங்கள்ல? ஒழுங்காச் சொல்லுங்க.

பிச்சைமுத்து: எல்லாம் ஒன்னுதான்...

மோகனா: ஒன்னு இல்ல! ஹபீப் பாய் சொல்லாமப் போயிட்டாரு. நீங்க சொல்லிட்டுத்தான் போகணும்.

பிச்சைமுத்து: பாய்க்கும் இதுக்கும் என்னாம்மா...

மோகனா: அவரு மகள் அஃப்ரீன் நேத்துச் சாயங்காலம் எனக்குக் கூப்பிட்டுச்சுப்பா. அடக்கம் முடிஞ்ச கையோட. நீங்க குடுத்த நம்பரைப் பாய் மகள்கிட்ட குடுத்து வச்சிருந்தாராம். 'மாப்பிள்ளை பார்க்க எனக்கு நேரம் இருக்காது, எதிர்க்கட்டில் அண்ணன் பொய் சொல்லிக்கிட்டு ஒத்தையா இருக்காரு, அவர் பிள்ளைக்கு மட்டும் சொல்லிடு'ன்னாராம். பதினோரு மணின்னும் அஃப்ரீன்தான் சொல்லுச்சு.

சுஹானா: அங்கிள்...

பிச்சைமுத்து: வந்துட்டேம்மா சுஹானா... வந்துட்டேன்.

மோகனா: சொல்லுங்கப்பா... சொல்லிட்டு வைங்க.

பிச்சைமுத்து: ...போயிட்டு வரேம்மா. நீ அழுதுக்கிட்டே ஃபெர்ரி கப்பல்லேருந்து இறங்காத, பார்த்து இறங்கு. அந்த ஹார்னைக் கேட்டே கிழவனானவன் நான், என்கிட்ட சைரனாம். ஆபரேஷன் முடிய நேரமாகும். வெளிய உக்காந்திருக்கும்போது பக்கத்துல இருக்குறவங்க பேரைக் கேட்டுக்க... கண்ணு முழிச்சதும் நான் இருமுறேன்.