டிரெக்ட்

பெனர் அடிக்கிற இந்தப் பெரிய மெசின்களில் வருகிற பிழைகளில் பாதிக்கு மேல் சூட்டில்தான் வரும், சேர். மை சரியாக விழும், நிறமும் சரியாக இருக்கும், ஆனால் காயாது. சுருட்டிக் கொடுத்துவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கலியாண வீட்டில் விரித்துப் பார்த்தால் மாப்பிள்ளையின் மீசை பொம்பிளையின் முகத்தில் இருக்கும். சனம் சிரிக்கும். முதலாளி சிரிக்கமாட்டார்.

நீங்கள் எழுதுங்கள், நான் ஆறுதலாகச் சொல்கிறேன். என் பெயர் முனீப். சொந்த ஊர் கிண்ணியா. துறைமுகப் பக்கம் லாபிர் ஹாஜியாரின் அச்சுக் கடையில் பதினொரு வருடம் மெசின் பார்த்தவன். ஹாஜியாரை நீங்கள் ஐந்து மாதமாக விளக்கமறியலில் வைத்திருக்கிறீர்கள். ஷட்டரைப் பூட்டி ஒரு பெண் பிள்ளையைத் தீயில் சாகவிட்டார் என்று வழக்கு. அவர் பூட்டியது உண்மை. தீ அவருடையதல்ல. அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஷட்டர் விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போவோம். கடையில் டிசைன் செய்கிற ஜுமானா மட்டும் உள்ளே இருப்பாள். பின்னால் கண்ணாடி அடைத்த ஒரு ஏசி அறை, அதுதான் அவளுடைய இடம். அதற்கும் ஷட்டருக்கும் நடுவில் மெசின். வேறு வாசல் கிடையாது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுடைய உம்மா றஹ்மா ஹாஜியாரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"பொம்புளப் புள்ள தனிய இருப்பா ஹாஜியார். தொறந்து போட்டுட்டுப் போயிராதீங்க. வெளியால பூட்டுங்க."

ஹாஜியார் மூன்று வருடமாக ஒரு வெள்ளிக்கிழமை கூடத் தவறாமல் பூட்டினார். பிள்ளைக்குக் காவல் என்றுதான் பூட்டினார். துறைமுக வீதியில் அநேகமான கடைகளில் அப்படித்தான்.

இனி மெசின். சூட்டுப் பிழையைப் பார்ப்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆறின மெசின் திரையில் அறையின் சூட்டைக் காட்ட வேண்டும், முப்பது, முப்பத்தொன்று. நூற்றைம்பது காட்டினால் சென்சர் பிழை. சரியாகக் காட்டி, ஏறவே இல்லையென்றால் ஹீட்டர் எரிந்திருக்கும், அல்லது கரன்ட் வரவில்லை. ஏறிக்கொண்டு போய் இடையில் வெட்டினால், பெனரைக் காயவைக்கிற சூட்டுத் தகட்டுக்குக் கீழே காசு அளவில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும். சூடு அளவுக்கு மிஞ்சினால் அது தானாகக் கரன்டை வெட்டும். கட்டவுட் என்போம். எங்கள் மெசின் தை மாதத்தில் அப்படி வெட்டத் தொடங்கியது. பத்து நிமிடம் ஓடும், வெட்டும். ஆறவிட்டால் திரும்ப ஓடும்.

பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிக் காலம். ஹாஜியார் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். புதிய கட்டவுட் கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை. நான் டிரெக்ட் கொடுத்தேன்.

டிரெக்ட் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டருக்கும் யாராவது கொடுத்திருப்பார்கள். காவலுக்கு இருக்கிற சுவிட்சைக் கழற்றி, இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுவது. ஐந்து நிமிட வேலை. மெசின் அன்று மாலை வரை நிற்காமல் ஓடியது. "நீ மனிசனில்லடா, மெசின் டொக்டர்," என்று ஹாஜியார் வாடிக்கையாளர்களுக்கு முன்னால் சொன்னார். சந்தோசமாக இருந்தது. பதினொரு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் விட்ட பிழை இதுதான், மறைக்கவில்லை. கட்டவுட் பழுதாகியிருக்கவில்லை. ஹீட்டருக்குக் கரன்டை விட்டு விட்டுக் கொடுக்கிற ரிலே கடற்காற்றில் உப்புப் பிடித்து ஒட்டிப்போயிருந்தது. திரையில் நிறுத்தினாலும் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். சூடு எல்லை மீறியதால் கட்டவுட் தன் வேலையைச் செய்தது, நான்தான் அதை எடுத்துவிட்டேன். இது எனக்கு நாலாம் நாளே விளங்கிவிட்டது. டொக்டர் என்று பெயர் வாங்கிய பிறகு போய்ச் சொல்ல வாய் வரவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை சுவர்ச் சுவிட்சைக் கையால் நிறுத்தி நிறுத்திப் போட்டுச் சமாளித்தேன்.

ஜுமானா கவனித்தாள். இருபத்து நாலு வயது. என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள். எதையும் சும்மா விடமாட்டாள். ஒருநாள் தகட்டில் கை பட்டு விரல் கொப்புளித்துவிட்டது.

"நானா, நிப்பாட்டித்தானே இருக்கு. ஏன் இன்னும் சுடுது?"

"பழைய சூடு."

"பழைய சூடு ஒரு மணித்தியாலம் நிக்குமா? டொக்டருக்கு வருத்தம் பிடிபடல்ல போல."

வாசலில் நின்ற இரண்டு படகுக்காரர்கள் சிரித்தார்கள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால், இப்போதும் கொஞ்சம் வருகிறது. மெசினின் புத்தகத்தை இன்டர்நெட்டில் இறக்கி வாசிக்கத் தொடங்கினாள். ஹாஜியாரிடம் சொல்லி, கொழும்பிலிருந்து இஞ்சினியர் ஒருவரை வரச்சொன்னதும் அவள்தான். வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு வருவார் என்று முடிவானது.

வியாழன் பின்னேரம் ஹாஜியார் வங்கிக்குப் போயிருந்த நேரம் அவள் குனிந்து, டோர்ச் அடித்துத் தகட்டுக்குக் கீழே பார்த்தாள். முறுக்கிய வயரைக் கண்டுவிட்டாள். சத்தம் போடவில்லை. எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் மெதுவாகத்தான் கதைத்தாள்.

"நானா, இத நீங்களே முதலாளிக்கிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா உங்களுக்கு மரியாதை இல்ல. நாளைக்கு இஞ்சினியர் வரமுந்திச் சொல்லிருங்க, என்ன?"

நான் "ஓம்" என்றேன்.

அன்று கிண்ணியாப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் நின்றேன். பதினொரு வருடப் பெயர், சேர். இஞ்சினியர் ஹாஜியாருக்கு முன்னால் அந்த முறுக்கைத் தூக்கிக் காட்டுவார். படித்தவர்கள் எங்களைப் பார்த்து மெல்லச் சிரிப்பார்களே, அப்படிச் சிரிப்பார். பிறகு மூதூரிலிருந்து பட்டணம் வரை எந்தக் கடைக்காரன் என்னைக் கூப்பிடுவான்? மெசின் எரிந்துபோனால் முறுக்கும் சேர்ந்து எரியும். நான் நினைத்தது அவ்வளவுதான். மெசினைத்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு இருபது அடி பெனர் ஒன்றை ஓடவிட்டேன். திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போகிற படகுக்காரர்களின் பெனர். சுவர்ச் சுவிட்சை நிறுத்தாமல் விட்டேன். மை துடைக்கிற, தின்னர் ஊறின துணிகள் போட்ட தகரம் எப்போதும் மூலையில் இருக்கும். அதைத் தகட்டுக்குக் கீழே தள்ளி, மூடியை எடுத்து வைத்தேன். ஜுமானா கண்ணாடிக்குள் இருந்தபடி, "நானா, சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். ஜும்ஆ முடிந்து சொல்வதாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஹாஜியார் ஷட்டரை இறக்கிப் பூட்டினார். இரண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தோம்.

புகையைக் கண்டால் அவள் ஓடிவந்து சுவிட்சை நிறுத்திவிடுவாள், மெசின் மட்டும் போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்படித்தான் ஐந்து மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பன்னிரண்டே காலுக்கு அவள் லுஹர் தொழ நிற்பாள் என்பது எனக்குத் தெரியும். அந்த அறையில் தொழ முகம் வைக்கிற கிப்லாத் திசை பின்சுவர்ப் பக்கம். மெசினுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். கண்ணாடி, ஏசிச் சத்தம், மெசின் வேறு ஓடுகிறது. தொழுகையில் நிற்கிறவள் திரும்பிப் பார்க்கமாட்டாள், சேர். அதுவும் ஜுமானா, நிறுத்தி நிதானமாகத் தொழுகிறவள்.

பள்ளியில் குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தபோது என் பொக்கற்றில் போன் அதிரத் தொடங்கியது. ஜும்ஆவில் எல்லோருடைய போனும் சத்தம் நிறுத்தித்தான் இருக்கும். என்னுடையது ஏழு தடவை அதிர்ந்தது. எண்ணினேன். ஏழும் ஜுமானாவின் அழைப்புகள் என்பதை நீங்களும் பதிவில் பார்த்து என்னைக் கேட்டீர்கள். பள்ளியில் இருந்தேன், தெரியவில்லை என்றேன். ஊரில் பாதிப் பேர் அப்படிச் சொல்லக்கூடிய நேரம் என்பதால் நீங்கள் திரும்பக் கேட்கவில்லை.

தொழுது ஸலாம் கொடுத்த கையோடு வெளியே சத்தம் கேட்டது. ஹாஜியார் செருப்பில்லாமல் ஓடினார். சாவியைப் பூட்டுக்குள் போட அவரால் முடியவில்லை. நான்தான் வாங்கித் திறந்தேன். நனைத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நான் ஒருவன்தான் உள்ளே போனேன். இந்தத் தழும்புகள் அப்போது வந்தவை. ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தபோது றஹ்மா வார்ட் வாசலில் வந்து நின்றா. அழுது அழுது குரல் போயிருந்தது.

"என்ட புள்ளைக்காக நெருப்புக்குள்ள போன கை. அந்தக் கைக்கு அல்லாஹ் ஒரு குறையும் வைக்கமாட்டான் தம்பி."

வெள்ளிக்குவெள்ளி எனக்குச் சாப்பாடு அனுப்புகிறா. திருப்பி அனுப்ப வழியில்லை. சாப்பிடவும் ஏலாது. மனைவி அதைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்கிறா, நான் குசினிக்குள் போவதில்லை.

எனக்குப் பயம், சேர். தொழ நின்றால் பின்னால் மெசின் ஓடுகிறது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மை அடிக்கிற அதே சத்தம். பிடரியில் சூடு ஏறுகிறது. கிண்ணியாவில் எங்கள் பள்ளியில் மூன்று தடவை தொழுகையை முறித்துக்கொண்டு திரும்பிப் பார்த்திருக்கிறேன். பின் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். வேறு ஒன்றும் இருக்கவில்லை. இப்போது பள்ளிக்குப் போவதில்லை, வீட்டில் சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். சுவரும் சுடுகிறது.

நீங்கள் கேட்கப் போவது எனக்கு விளங்குகிறது. முறுக்கைப் பிரிக்க இரண்டு நிமிடம் போதும், இதற்கு ஏன் மெசினை எரிக்க வேண்டும் என்று. போதும்தான். வியாழன் பின்னேரமே பிரித்திருக்கலாம். ஆனால் டோர்ச் அடித்தபோது அவள் போனில் படமும் எடுத்துவிட்டாள். மை பட்ட என் விரல் அடையாளத்தோடு அந்த வயர், தெளிவாக. எனக்கே காட்டினாள். வயரைப் பிரித்தாலும் படம் இருக்கும். மெசின் எரிந்தாலும் படம் இருக்கும்.

அதற்குத்தான் உள்ளே போனேன். அவள் கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து, மெசினுக்குப் பக்கத்தில் விழுந்திருந்தாள். தொழுகைச் சால்வை தலையில் அப்படியே இருந்தது. போன் கையில். உயிர் இருந்தது, சேர். என்னைக் கண்டதும், "வந்திட்டீங்களா நானா," என்று சொல்லிக் கையை நீட்டினாள். அந்தக் கையிலிருந்து போனை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து, புகைக்குள் பிள்ளையைக் காணவில்லை என்று ஹாஜியாரிடம் சொன்னேன்.